பேற்றுக்கு முன் சமைத்த சோறு

பிள்ளைப்பேறு நெருங்கும் மாதத்தில் ஒரு பெண் செய்து முடிக்க வேண்டிய காரியங்களுள் புதிதாக ஒன்று அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்துள்ளது. கறிகளையும் சூப்பு வகைகளையும் வேளைக்கு இவ்வளவு என்று அளந்து சமைத்து, சிறு பெட்டிகளில் அடைத்து, ஃபிரீசர் என்று எல்லோரும் சொல்லும் உறைகுளிர்ப் பெட்டியில் அடுக்கி வைத்தல் வேண்டும் என்பதே அது. குழந்தை பிறந்த பின்னர் எடுத்துச் சூடாக்கினாற் போதும். அடுப்படியில் நிற்கும் தேவை இல்லை. மேனாடுகளில் தோன்றிய இவ்வழக்கம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் எம்மவர் வீடுகளில் புகுந்து, இன்று கொழும்பின் மாடி வீடுகளிலும் காலூன்றத் தொடங்கியிருக்கிறது. இதனைச் சமையற் குறிப்பு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இதன் அடியில் ஓர் அறவியற் கேள்வி கிடக்கின்றது: பிள்ளை பெற்றவளுக்குச் சோறு போடுதல் யாருடைய கடமை?

இக்கேள்வியை மேசை நாற்காலியிலிருந்து ஆராய்வதிலும் ஒரு குறிப்பிட்ட கரையில் வைத்து ஆராய்தல் பயன்தரும் என்று கருதுகிறோம். புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் தீபகற்பத்தில், கடலை நோக்கிய மணற்கரையில் இருக்கிறது தலவில. அங்கே எழுந்துள்ள ஆலயம் புனித அன்னம்மாளுக்குரியது. அன்னம்மாள் யார்? மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. பிள்ளை வேண்டுவோரும் சுகப்பிரசவம் வேண்டுவோரும் சமய பேதமின்றி அந்த வாசலுக்கு வருகின்றனர். ஆண்டு நடுவில் வரும் பெருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் திரண்டு, குடிசைகளிலும் மரநிழல்களிலும் நாட்கணக்கில் தங்கி, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து உண்கின்றனர். பாட்டியொருத்தியைத் தெய்வநிலையில் வைத்து வணங்கும் தலம் இது என்பதை எமது வாசகர் மனத்திற் கொள்க. மகள் பிள்ளை பெறும்போது அருகே வந்து நிற்பவள் தாய் என்ற பழைய எதிர்பார்ப்புக்கு இதைவிடப் பெரிய சின்னம் வேறில்லை.

பேற்றுக்கு முன் உணவைச் சேமித்தல் இக்கரைக்குப் புதியதன்று. கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், திப்பிலி, வேர்க்கொம்பு ஆகியவற்றைக் கழுவி, வெயிலிற் காயவைத்து, வறுத்து இடித்துச் சரக்குத்தூளாக்கிப் போத்தல்களில் அடைத்து வைத்தல் ஈழத்துத் தமிழ் பேசும் மக்கள் பலரிடையே இன்றும் உள்ள வழக்கம். உள்ளி பின்னர் சேரும். பத்தியக் கறிக்குரிய சுறாவும் சிறுமீனும் பச்சையாகக் கிடைக்காத நாளுக்குக் கருவாடு இருக்கும். கடற்கரையில் கருவாடு என்பது உணவு மட்டுமன்று. அது காலத்தோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது இக்கரையின் மீனவர் பலர் படகையும் வலையையும் எடுத்துக்கொண்டு திருகோணமலை, முல்லைத்தீவுக் கரைகளுக்குப் பெயர்ந்து, அங்கே வாடி அமைத்துத் தொழில் செய்வர். ஆண் இல்லாத அந்த மாதங்களில் வீட்டைக் காப்பது உப்பும் வெயிலும் சேர்ந்து காத்துவைத்த மீன். அம்மாதங்களிற் பிறக்கும் குழந்தைகளின் தாய்மார் உண்டதும் அதுவே.

ஒரு சிறு செய்தியை இடையிற் சொல்லுதல் தகும். இன்று உலகெங்கும் பயன்படும் விரைவாக உறையவைக்கும் முறையும் மீனிலிருந்தே தொடங்கிற்று. லாப்ரடோர்க் கரையில் இனுயிற் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனே உறைந்து, பல நாள் சென்ற பின்னும் சுவை குன்றாதிருந்ததைக் கண்ட கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், 1920களில் அதனை இயந்திரத்தால் செய்யும் வழியை வகுத்தார். வெயிலால் காப்பாற்றிய மீனவப் பெண்ணும் குளிரால் காப்பாற்றிய மீனவப் பெண்ணும் ஒரே அறிவின் இரு கிளைகள். ஆகவே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் உணவை வைப்பதை மேனாட்டு மோகம் என்று ஏளனம் செய்யும் பழைமைவாதிகளோடு எமக்கு உடன்பாடு இல்லை.

வேறுபாடு கருவியில் இல்லை. சேமிப்பவள் யார் என்பதில் இருக்கின்றது.

சரக்கை வறுத்து இடித்தவள் பெரும்பாலும் நிறைமாதக்காரி அல்லள். அவளுடைய தாய், மாமி, அயல்வீட்டுப் பெண்கள் ஆகியோரே அதைச் செய்தனர். தமிழகத்தின் பல பகுதிகளில் வளைகாப்பை ஒட்டிக் கட்டுச்சோறு கொண்டுவந்து கர்ப்பிணிக்கு ஊட்டும் சடங்கும் இதே நோக்கில் எழுந்ததாகலாம். அவள் உண்பவள், பிறர் சமைப்பவர். புதிய வழக்கத்திலோ எட்டாம் மாதத்து, ஒன்பதாம் மாதத்துப் பெண்ணே வீங்கிய காலுடன் அடுப்பின் முன் நின்று, தான் படுத்திருக்கப்போகும் நாட்களுக்குரிய சமையலைத் தானே முன்கூட்டிச் செய்து முடிக்கிறாள். சேமித்ததில் அவளுக்கு மட்டுமா பங்கு? கணவனுக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் வந்துபோகும் விருந்தினருக்கும் சேர்த்தே அவள் சமைக்கிறாள். இதனை ஓய்வு என்பது பொருந்துமா? கூலியாள் ஒருவன் ஒரு வாரம் நோயுற்றுக் கிடக்கப்போவதை முன்னறிந்து, அந்த வாரத்து வேலையையும் இந்த வாரத்திலேயே செய்து கொடுக்கவேண்டும் என்று முதலாளி கேட்பானாயின், அதை நாம் விடுமுறை என்போமா? உழைப்பு நீக்கப்படவில்லை, இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் உடல் மிகவும் தளர்ந்த மாதத்துக்கு.

இனி, பழைய முறையைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் எண்ணமும் எமக்கில்லை. துடக்கு என்று சொல்லி, பிள்ளை பெற்றவளைத் தொடத்தகாதவளாக்கி, காற்றில்லா அறையின் மூலையில் முப்பத்தொரு நாள் அடைத்த சமுதாயமே அந்தப் பத்தியக் கறியையும் கொடுத்தது. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மேலதிகமாக வேண்டும், நீரும் நிறைய வேண்டும் என்கிறது இன்றைய மருத்துவம். பத்தியமோ பல வீடுகளில் தண்ணீரைக் குறைத்தது; பழங்களை விலக்கியது. பேறு பார்க்க வந்த மருத்துவிச்சியையும் துடக்குத்துணி வெளுக்க வந்தவளையும் சாதியின் கடைசிப் படியில் நிறுத்திய கொடுமையோ சொல்லுந்தரமன்று. உயிரைக் கையில் ஏந்திய கைக்கு வாசற்படியில் வைத்துக் கூலி கொடுத்தனர். மேலும், உதவிக்கு வந்த அந்தத் தாயின் உழைப்பைக் கணக்கிட்டவர் யார்? தன் மூட்டுவலியுடன் மகள் வீட்டு அடுப்பை ஒரு மாதம் எரித்தவள் அவள். பெண்ணின் சுமையைப் பெண்ணே சுமந்தாள். வயது மட்டும் வேறுபட்டது. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் விருந்தினரைப் பற்றிச் சொன்ன அளவுக்குச் சமைத்தவளைப் பற்றிச் சொன்னாரில்லை. அடுப்படியை அறநூல்களும் வாசலில் நின்றே பார்த்தன போலும்.

இந்தப் பாட்டியும் இப்போது வீட்டில் இல்லை என்பதே புதிய நிலைமை. நீர்கொழும்பு முதல் வென்னப்புவ, சிலாபம் வரையான மேற்குக் கரையிலிருந்து ஏராளமானோர் இத்தாலிக்குச் சென்று, அந்நாட்டு முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் உள்ளனர். புத்தளம் மாவட்டத்துப் பெண்கள் பலர் வளைகுடா நாடுகளின் வீடுகளில் பணிபுரிகின்றனர். மகளுக்குச் சரக்கு அரைத்துக் கொடுக்கவேண்டிய கைகள், குடும்பத்துக் கடனை அடைப்பதற்காக வேறொருவருடைய தாய்க்கு உணவூட்டிக் கொண்டிருக்கின்றன. கனடாவிற் பிள்ளை பெறும் எமது பெண்ணின் தாயோ விசா அதிகாரியின் தீர்ப்புக்குக் காத்திருக்கிறாள். அன்பு குன்றியதால் அடுப்படி வெறுமையாகவில்லை. உலகச் சந்தை அந்த அன்பை வாங்கிக்கொண்டு போயிற்று. உறைகுளிர்ப் பெட்டி அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தது.

அப்பழக்கம் பெரிதும் பரவியுள்ள நாட்டின் சட்டத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1993-இல் இயற்றப்பட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் பேற்றுக்கென 12 வார விடுப்பைத் தருகிறது, சம்பளமின்றித் தருகிறது, அதுவும் எல்லாத் தொழிலாளருக்கும் அன்று. மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு வாரம் பெண் தொழிலாளர் உதவிப்பணத்துடன் வேலையிலிருந்து விலகியிருத்தல் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் தாபனம் 1919-இலேயே, தான் கூடிய முதல் மாநாட்டிலேயே, உடன்படிக்கை செய்தது. அம்மாநாடு நடந்தது வாஷிங்டன் நகரில் என்பது வரலாற்றின் கேலி. அயலும் இல்லை, தாயும் அருகில் இல்லை, அரசும் கை கொடுப்பதில்லை என்ற இடத்திற் பெண் தன் எதிர்காலத்துக்குத் தானே உணவு அனுப்புகிறாள். அவளுடைய கெட்டித்தனத்தைப் பாராட்டுவோம். அந்தக் கெட்டித்தனத்தை அவளிடமிருந்து கேட்கும் சமுதாயத்தையும் சேர்த்துப் பாராட்ட முடியாது.

இங்கே எம்மை மறுத்துப் பேசக்கூடிய ஒருத்தியின் குரலையும் கேட்டல் வேண்டும். அவள் சொல்வாள்: "இரவு இரண்டு மணிக்குப் பசிக்கும்போது மாமியை எழுப்பிக் கேட்கும் நிலையை நீங்கள் அறியீர்கள். தந்ததைத் தின்று, தந்தவளின் சொல்லையும் சேர்த்து விழுங்குவதிலும், நானே சமைத்து வைத்ததை நானே எடுத்துத் தின்பது எவ்வளவோ மேல்." இது அற்பமான வாதமன்று. உதவிக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. பெண்ணிடம் அந்த விலை பெரும்பாலும் கீழ்ப்படிதலாகவே அறவிடப்படுகிறது. பிறரிடம் கையேந்தாமல் இருத்தலில் ஒரு மானம் இருக்கிறது. அதனை நாம் மதிக்கிறோம். ஆயினும் கேட்காமல் சமாளித்தல் வேறு. கேட்காமலே கிடைக்கும் உரிமை வேறு. முன்னது வலிமை உள்ளவளுக்கு மட்டும் வாய்க்கும். கடைசி மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறிப் படுக்கையில் விழுந்தவளும், எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பெற்றவளும், சமைத்து வைக்க மேலதிக அரிசி இல்லாதவளும் அந்த மானத்துக்கு எங்கே போவார்கள்?

பெட்டியும் எல்லார் வீட்டிலும் இல்லை. இருக்கும் வீட்டிலும் மின்சாரம் எந்நாளும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தலவிலவுக்குத் தெற்கே, இதே தீபகற்பத்தில், நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. அதன் முதற் பகுதி 2011-இல் இயங்கத் தொடங்கிற்று. நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கைத் தரும் அதன் புகைக்கூட்டைக் கற்பிட்டி வீதியிற் செல்வோர் யாரும் காணலாம். அத்தகைய கரையிலும் 2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் போலவே நாளுக்கு 13 மணி நேரம் வரை இருள் கவிந்தது. சமையல் எரிவாயுவும் இல்லை. படகுக்கு மண்ணெண்ணெயும் இல்லை. நிறைந்த உறைகுளிர்ப் பெட்டியைத் திறவாதிருந்தால் ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும் என்பர். நாள்தோறும் பாதி உருகிப் பாதி உறையும் பெட்டியிலுள்ள இறைச்சியை எந்தத் தாய் நம்பி உண்பாள்? அவ்வாண்டில் கருவாடும் சரக்குப் போத்தலும் கெடவில்லை. தாய்மாருக்கென அரசு 1973 முதல் வழங்கிவந்த திரிபோஷ மாவோ சோளத் தட்டுப்பாட்டினால் குறைந்து போயிற்று.

சேமிப்பே எடுத்துவர முடியாதவர்களையும் இக்கரை கண்டிருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரிற் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்ப் பகுதியிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். அவர்களுள் நிறைமாதக் கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தையோடு வந்த தாய்மாரும் இருந்தனர். ஓலைக் கொட்டிலிற் பிள்ளை பெற்ற அப்பெண்ணிடம் முன்யோசனை இல்லை என்று யார் சொல்வார்? அவளுடைய சரக்குப் போத்தல் பூட்டிய வீட்டின் அலுமாரியில் இருந்தது. புத்தளத்து மக்கள், தாமே வறியவராயினும், தம் பானையிற் பங்கிட்டுக் கொடுத்தனர். அது அன்று தற்செயலாக வாய்த்த நற்குணம். எல்லாப் பேற்றுக்கும் அயலாரின் நற்குணத்தை நம்பி இருக்க முடியாது; அவரவர் சேமிப்பை நம்பியும் இருக்க முடியாது. எமது வாதத்தின் உயிர்நிலை இதுவே.

வேறு வழி உண்டா? உண்டு; உலகில் நடைமுறையிலும் உள்ளது. நெதர்லாந்தில் குழந்தை பிறந்த முதல் வாரத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நாள்தோறும் வீட்டுக்கு வந்து, தாயையும் சேயையும் பார்ப்பதோடு வீட்டு வேலையிலும் கைகொடுக்கிறார். காப்புறுதி வழியே எல்லாத் தாய்மாருக்கும் உரிய சேவை அது. பின்லாந்து 1938-இல் வறிய தாய்மாருக்குக் குழந்தை உடையும் படுக்கையும் அடங்கிய பெட்டி ஒன்றை வழங்கத் தொடங்கி, 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அதை உரித்தாக்கியது. செல்வந்தர் மனைவியும் கூலிக்காரன் மனைவியும் ஒரே பெட்டியைப் பெறும்போது அது பிச்சை என்ற பெயரை இழக்கிறது.

நாமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. களுத்துறையில் 1926-இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல் வளர்ந்த எமது பொதுச் சுகாதார முறையினால், குடும்பநல உத்தியோகத்தர் பேற்றுக்குப் பின் முதற் பத்து நாட்களுள் வீடு தேடி வருகிறார். ஆசியாவிற் பல நாடுகள் பொறாமைப்படும் ஏற்பாடு இது. அவர் குழந்தையின் கொப்பூழைப் பார்ப்பார், தாய்ப்பால் ஊட்டும் முறையைக் காட்டுவார், போய்விடுவார். போகவேண்டும், அடுத்த கிராமம் காத்திருக்கிறது. அன்று பகல் அந்த வீட்டில் உலை வைப்பவர் யார் என்பது அவருடைய கடமைக்கு அப்பாற்பட்டது. அரசாங்கப் பாடசாலை ஆசிரியைக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் விடுமுறை உண்டு. தனியார் துறையில் எத்தனையாவது குழந்தையாயினும் அதே 84 நாள் என்று 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. நல்லது. கடற்கரையில் நாட்கூலிக்கு மீன் வெட்டி, உப்பிட்டு, பாயில் பரப்பி உலர்த்தும் பெண்ணுக்குத் தொழில்தருநர் என்று சட்டம் சுட்டக்கூடிய ஒருவர் இல்லை. ஆகவே விடுமுறையும் இல்லை. ஊரார் பிள்ளைப்பேற்றுக்கெல்லாம் கருவாடு காயவைத்துக் கொடுப்பவள் தன் பேற்றுக்குப் பின் எத்தனையாம் நாள் மீண்டும் அந்த வெயிலுக்கு வருகிறாள் என்பதைக் கேட்டறிய அங்கு செல்வோர் முயல்க.

வீட்டுவேலை ஒரு காலத்திற் பொதுவேலையாக இருந்து, தனிக்குடும்பம் தோன்றிய பின்னர் மனைவியின் தனிப்பட்ட ஊழியமாகச் சுருங்கிற்று என்று ஏங்கல்ஸ் 1884-இல் எழுதினார். அந்தச் சுருக்கத்தின் கடைசி எல்லை ஒரு குளிர்ப்பெட்டியின் கொள்ளளவு என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

தந்தையைப் பற்றி இதுவரை நாம் பேசவில்லை. சட்டமும் அதிகம் பேசவில்லை. அரசாங்கத் துறையில் அவனுக்குக் கிடைப்பது மூன்று நாள். ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்ற சமாதானம் நகரத்தில் எடுபடலாம். தலவிலக் கரையில் எடுபடாது. முல்லைத்தீவுக் கரையின் வாடியில் மாதக்கணக்கில் தங்கும் மீனவருக்குச் சோறாக்கிக் கறி காய்ச்சுபவன் அவர்களுள் ஒருவனே. மீனைத் தேர்ந்து, புளி கரைத்து, அளவறிந்து உப்பிட்டு, பத்துப் பேர் பசிக்கு வேளை தவறாமல் இறக்கிவைக்கும் அந்தக் கை, வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் தன் வித்தையை மறந்துவிடுகிறது. சமையல் அங்கே தொழில், இங்கே மனைவி. பெண் ஒன்பதாம் மாதத்திற் பெட்டி பெட்டியாக அடைத்து வைப்பது, உண்மையில், அவன் மறதிக்கு ஈடாகவே.

அவன் வீட்டில் நிற்க விரும்பினாலும் நிற்க முடிகிறதா என்பது வேறு விடயம். படகுத் தொழிலில் வருவாய் பங்காகப் பிரிகிறது. படகுக்கும் வலைக்கும் உரியது போக எஞ்சியது கடலுக்குப் போனவர்களுக்கு. கடலுக்குப் போகாதவனுக்குப் பங்கில்லை. மனைவி பிள்ளை பெற்றிருக்கும் மூன்று வாரத்துக்கு ஒருவன் கரையில் நின்று உலை வைப்பானாயின், அவனுடைய பங்கைப் படகு ஒதுக்கி வைக்குமா? உலர்த்தும் கொட்டிலில் வேலை செய்பவளுக்கு, மீன் வாங்கும் வியாபாரியிடமிருந்து கிலோவுக்கு ஒரு சிறு தொகை அறவிட்டுப் பேற்று நிதி ஒன்று அமைக்க முடியுமா? இவை கொழும்பில் தீர்மானிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டிய விடயங்கள் அல்ல. கரையோர மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தத்தம் பொதுக்கூட்டத்தில் எடுத்துப் பேசக்கூடியவை. பருவக்காற்று மாறி, வாடிக்குப் போன படகுகள் திரும்பி வரும் மாதங்களில் ஆண்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். பெண்களையும் அழைத்து அமர்த்தி அக்கூட்டத்தை அப்போது கூட்டலாம்.